பெட்டியைத் திறந்த பிறகு அந்த எண்ணுக்கு என்ன பொருள்?
புதிய வெடிபொருள் சட்டத்தை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

புதிய வெடிபொருள் சட்டத்தை வரையும் ஒன்றிய வணிகம், தொழில் துறை அமைச்சக அலுவலர்களுக்கு,

நான் 24 வருடமாகக் கல்குவாரிகளில் வெடி வைக்கிறவன். முறையான சான்று வாங்கிய வெடிக்காரன். 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச்சட்டம் கொண்டுவருவதாக 2024இல் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டீர்கள். அதைப் பற்றி வந்த செய்திகளில் அபராதம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. விதியை மீறி வெடிபொருளை வைத்திருந்தாலோ, விற்றாலோ, ஏற்றிச் சென்றாலோ 3,000 ரூபாயாக இருந்த அபராதம் 50,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஆகட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்தப் பொருளை எந்த வகுப்பில் வைத்திருக்கிறீர்கள், அந்த வகுப்பு எண் பெட்டியைத் திறக்கிற கைக்குப் புரிகிறதா என்று பேசியவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை. இதை நான் பேசாமல் விட முடியாது. அந்த எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் என் தங்கை மகன் மூன்று விரல்களை இழந்தான்.

2019இல் அவனுக்கு 22 வயது. நான் வேலை பார்த்த குவாரியிலேயே உதவியாளாகச் சேர்ந்திருந்தான். பாறையில் துளைத்த போர்க்குழியில் வெடிமருந்துக் குச்சி இறக்குவது, மண் அடைப்பது, குழாய்களை இணைக்க எடுத்துக் கொடுப்பது என்று கூடவே இருப்பான். நாங்கள் நோனெல் என்று சொல்வோமே, மஞ்சள் குழாயின் நுனியில் கேப்பு, அதாவது குழியில் இருக்கும் மருந்தை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர், பொருத்தி வருவது, அதுதான் அங்கே புழக்கத்தில் இருந்தது. ஒரு நாள் பெட்டி இறக்கும்போது அதன் மேல் இருந்த முத்திரையைக் காட்டி, “மாமா, குச்சிப் பெட்டியில 1.1னு போட்டிருக்கு, இதுல 1.4னு போட்டிருக்கே, ஏன்?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், “நம்பர் கூடக் கூட ஆபத்து கம்மி. 1.4ன்னா பயப்பட ஒண்ணுமில்ல” என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். அன்று நான் சொல்லாமல் விட்டதை இந்த மடலில் சொல்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து, வெடி போட்ட மறுநாள் காலை, கல் அள்ளும் இடத்தில் ஒரு மஞ்சள் குழாய் நீட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். வெடிக்காமல் போன கேப்பு அதன் மறுநுனியில் கல்லுக்கடியில் இருந்தது. நோனெல் குழாயை வலித்து இழுக்கவே கூடாது. நீண்டு பட்டென்று அறுந்தால் அந்த அதிர்ச்சியே கேப்பைக் கொளுத்திவிடும். அவன் இழுத்தான். “1.4 தானே மாமா” என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னான். வலது கையில் மூன்று விரல் இல்லை. இடது கண்ணில் பார்வை மங்கலாகிவிட்டது.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். நீங்கள் அறிந்ததுதான். ஆனால் குவாரியில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் விரித்தே எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையின் முறைப்படி வெடிபொருள் எல்லாமே வகுப்பு 1. அதற்குள் 1.1 முதல் 1.6 வரை ஆறு பிரிவுகள். ஒரே நொடியில் மொத்தச் சரக்கும் வெடிக்கக்கூடியது 1.1. வெடித்தாலும் பாதிப்பு பெரும்பாலும் பெட்டியோடு நின்றுவிடும் என்பது 1.4. இதை எப்படி முடிவு செய்கிறார்கள்? பெட்டியை வைத்துத்தான். ஒரு பெட்டியின் நடுவே ஒரு கேப்பை வெடிக்க வைத்து, மற்றவை கூடவே போகின்றனவா என்று பார்க்கிறார்கள். பிறகு பல பெட்டிகளை அடுக்கிப் பார்க்கிறார்கள். கடைசியில் நெருப்பின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனைகளில் கிடைப்பதுதான் அந்த எண். அதனால்தான் குழாயோடு வரும் அதே கேப்பு ஒரு விதமாகக் கட்டினால் 0360 என்ற ஐ.நா. எண்ணில் 1.1பி ஆகிறது (பின்னால் வரும் எழுத்து, எது எதோடு சேரலாம் என்பதற்கு), இன்னொரு விதமாகக் கட்டினால் 0361 என்ற எண்ணில் 1.4பி ஆகிறது, இன்னும் கவனமாகக் கட்டினால் 0500 என்ற எண்ணில் 1.4எஸ் ஆகிறது. மூன்றிலும் உள்ளே இருப்பது அதே அலுமினியக் கூடு, அதே மருந்துதான். மாறுவது அட்டையும் அடுக்கும் இடைவெளியும் மட்டும்.

அதாவது 1.4 என்பது மூடிய பெட்டியின் குணம், கேப்பின் குணம் இல்லை. பெட்டியைப் பிரித்துக் கேப்பைக் கையில் எடுத்த அந்த நிமிடமே அந்த எண்ணுக்குப் பொருள் போய்விடுகிறது. லாரி டிரைவருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அது சரியான எண். கையில் எடுக்கிறவனுக்கு அது உதவாது, தப்பான தைரியத்தையும் கொடுக்கிறது. ஒரு கேப்பில் இருக்கிற மருந்து ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கையை அழிக்க அது போதும்.

இந்த வேறுபாட்டைச் சொல்லும் ஒரு வரிகூடப் பெட்டிக்குள் இருந்து நான் பார்த்ததில்லை. வெளியே இருக்கும் எழுத்து ஆங்கிலம், சிலவற்றில் இந்தியும் இருக்கும். உள்ளே இருக்கும் பாக்கெட்டில் தாமத நேரமும் குழாயின் நீளமும் இருக்கும். குவாரியில் பெட்டியை மேகசினிலேயே, அதாவது வெடிபொருள் கிடங்கிலேயே, பிரித்துவிடுவோம். வெடி போடும் இடத்துக்கு வருவது உள்பாக்கெட்டும் சுருளும்தான். கையாளுகிறவன் கண்ணில் எச்சரிக்கை படுவதே இல்லை.

இது ஒரு பக்கம். நம் நாட்டில் இன்னொரு வகுப்பு முறையும் இருக்கிறது. 2008 வெடிபொருள் விதிகளின் முதல் அட்டவணையில் எட்டு வகுப்புகள். கருமருந்து 1, நைட்ரேட் கலவை 2, நைட்ரோ கூட்டுப்பொருள் 3, குளோரேட் கலவை 4, ஃபல்மினேட் 5, அம்யுனிஷன் 6, பட்டாசு 7, திரவ ஆக்சிஜன் மருந்து 8. இன்று நாங்கள் குழியில் இறக்கும் எமல்ஷன் என்ற நைட்ரேட் மருந்துக் குச்சிப் பெட்டியில் “வகுப்பு 2, டிவிஷன் 0” என்று இருக்கும். அதே பெட்டியில் கொஞ்சம் தள்ளி 1.1டி என்றும் இருக்கும். ஒரே பெட்டி, ஒரே பொருள், ஓரிடத்தில் வகுப்பு 2, ஓரிடத்தில் வகுப்பு 1.

சரி, பழகிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. ஐ.நா. முறையில் வகுப்பு 2 என்றால் வாயு, 3 தீப்பற்றும் திரவம், 6 நச்சு, 7 கதிரியக்கம், 8 அமிலம் போல அரிப்பவை. சாலையில் ஓடும் டேங்கர்களில் ஒட்டியிருக்கும் சாய்சதுரத் தகடுகளில் இந்த எண்களைத்தான் எங்கள் பையன்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒரு ஐ.டி.ஐ. படித்த பையன் கேப்பு உரிமத்தில் “வகுப்பு 6” என்று பார்த்து, “இது விஷமா அண்ணே?” என்று என்னிடம் கேட்டிருக்கிறான். அவன் படித்தது சரி. அவன் கையில் இருந்த தாளும் சட்டப்படி சரி.

வகுப்பு 6 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பயம் தருவது அதுதான். அதன் பெயர் அம்யுனிஷன். துப்பாக்கி ரவைக்கு உள்ள பெயர். அதற்குள் டிவிஷன் 1இல் சேஃப்டி ஃபியூஸ், அதாவது நாங்கள் திரி என்பது. டிவிஷன் 2இல் வெடிக்கும் கயிறு, டி.எஃப். என்போம். டிவிஷன் 3இல் கேப்பு. திரி மெதுவாக எரியும், ஒரு மீட்டர் எரிய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். டி.எஃப். நொடிக்கு 6,000 மீட்டருக்கு மேல் வெடித்துக்கொண்டு ஓடும். இந்த இரண்டும் ஒரே வகுப்பு.

ஐ.நா. முறையில் டி.எஃப். கயிறு 1.1டி. கேப்புக்கு ‘பி’ என்ற எழுத்து. பி-யும் டி-யும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதுதான் அந்த எழுத்துகளின் வேலையே. நம் மேகசினிலும் கேப்புக்குத் தனி அறை கட்டச் சொல்கிறீர்கள், டி.எஃப். குச்சியோடு பெரிய அறையில் இருக்கும். வைக்கும் இடம் சரிதான். ஆனால் எண்ணைப் பாருங்கள். டி.எஃப். பெட்டியில் வகுப்பு 6, கேப்புப் பெட்டியில் வகுப்பு 6. எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவன் என்ன முடிவுக்கு வருவான்? இரண்டும் ஒரே இனம், ஒன்றாக வைக்கலாம் என்றுதான். புதிதாக வந்த காவலாளி அப்படி அடுக்கிவைத்ததை நானே பிரித்து மாற்றியிருக்கிறேன். அவர் அலட்சியக்காரர் இல்லை. எண் பார்த்து ஒழுங்காக அடுக்கியவர்.

மறுபடி என் மருமகன் கதைக்கு வர வேண்டும். இதன் மிச்சம் ஆஸ்பத்திரியிலும் விசாரணையிலும் நடந்தது.

அவனைச் சேர்த்தபோது எழுதப்பட்ட முதல் வரி: “ஜெலட்டின் குச்சி வெடித்துக் காயம்.” யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாமே ஜெலட்டின்தான். குச்சியும் ஜெலட்டின், கேப்பும் ஜெலட்டின். பத்திரிகையிலும் அப்படித்தான் வரும். ஆனால் உண்மையான ஜெலட்டின் நைட்ரோகிளிசரின் கலந்தது, வகுப்பு 3. அப்படிப்பட்ட மருந்தைச் செய்வதும் வைத்திருப்பதும் 2004 ஏப்ரல் 1 முதல் நாட்டில் தடை. இன்று குவாரிக்கு வருவது எமல்ஷன், ஸ்லரி என்ற நைட்ரேட் மருந்துகள், எல்லாம் வகுப்பு 2. பெயர் மட்டும் போகவில்லை.

இழப்பீட்டு விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் எழுந்து உரிமத்தைக் காட்டினார். “எங்கள் உரிமத்தில் வகுப்பு 2, வகுப்பு 6 மட்டுமே. வகுப்பு 3 எங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஜெலட்டின் தடைசெய்யப்பட்ட பொருள். இவர் வெளியிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.” மூன்று விரல் போன பையன், தடைசெய்த வெடியை வைத்திருந்தவன் ஆகிவிட்டான். எங்கே வாங்கினாய், யாரிடம் வாங்கினாய் என்று அவனை இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார்கள். என் தங்கை அந்த நாட்களில் தெருவில் இறங்கவில்லை.

அவனைக் காப்பாற்றியது அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருந்த ஒரு வரி. உள்ளங்கையிலிருந்து மெல்லிய அலுமினியத் துண்டுகள் எடுக்கப்பட்டன என்று டாக்டர் எழுதியிருந்தார். குச்சியின் மேலுறை பிளாஸ்டிக்கோ காகிதமோதான், அலுமினியம் கேப்பின் கூடு. அப்புறம் 125 கிராம் குச்சி ஒன்று கையில் வெடித்திருந்தால் வழக்கு நடத்த அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான். இதை விசாரணையில் நான்தான் விளக்கினேன். இதைப் புரியவைத்து முடிக்க இரண்டரை வருடம் ஆனது. அதுவரை மருத்துவச் செலவு முழுவதும் கடன்.

வகுப்பு என்பது கிடங்கு, லாரி, உரிமம் ஆகியவற்றோடு முடிகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். விபத்துக்குப் பிறகு ஒரு தொழிலாளி குற்றவாளியா, பாதிக்கப்பட்டவனா என்பதையும் அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

நான் சொல்வது ஒரு வீட்டின் கதை மட்டும்தானே என்று தோன்றலாம். 2016 டிசம்பர் 1 அன்று துறையூர் பக்கம் முருங்கப்பட்டியில் வெடிமருந்து ஆலை வெடித்து 19 பேர் போனார்கள். 2021 ஜனவரியில் சிவமோகா அருகே ஹுணசோடில் வெடிபொருள் ஏற்றிய லாரி வெடித்தது. அடுத்த மாதமே சிக்கபள்ளாப்பூரில் ஆறு பேர். 2024 மே 1, தொழிலாளர் நாளன்று, காரியாபட்டி பக்கம் குவாரியில் மூன்று பேர். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும், அதை விசாரித்தவர்கள் சொல்லட்டும். எல்லாமே வகுப்பு எண்ணால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு செய்தி வரும்போதும் நாங்கள் குவாரியில் உட்கார்ந்து, அங்கே எது எதோடு இருந்தது, யார் எதை என்னவென்று நினைத்து எடுத்தார்கள் என்றுதான் பேசிக்கொள்வோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு தெளிவான மொழி இல்லை.

வகுப்பு எண்களை மாற்றினால் உரிமம், ஸ்டாக் புத்தகம், கணினிப் பதிவு எல்லாம் குழம்பும் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் பெரிய மாற்றங்களை நீங்கள் செய்துகாட்டியிருக்கிறீர்கள். 2004இல் நைட்ரோகிளிசரின் மருந்தை ஒரே தேதியில் நிறுத்தினீர்கள், குவாரிகள் மாறிக்கொண்டன. 2012இல் அம்மோனியம் நைட்ரேட்டுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தீர்கள். ஆனாலும் 2020 ஆகஸ்டில் அதே அம்மோனியம் நைட்ரேட்டால் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், 2015 முதல் நம் சென்னை மணலியில் கிடந்த சுமார் 700 டன் நைட்ரேட் வெளியே தெரிந்தது, அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் கரண்ட் கேப்பை, அதாவது மின்சாரம் பாய்ச்சி வெடிக்க வைக்கும் கேப்பை, தடைசெய்தீர்கள். எங்களில் பலர் இருபது வருடப் பழக்கத்தை விட்டுவிட்டு மாறினோம். எண்ணை மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை இல்லை.

சொல்லப்போனால் கரண்ட் கேப்பு நின்றதால் நோனெல் இன்னும் அதிகம் பேர் கைக்கு வந்திருக்கிறது. முன்பு கரண்ட் கேப்பை மட்டும் தெரிந்தவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், இப்போதுதான் மஞ்சள் குழாயை முதன்முதலில் பார்க்கிறார்கள். அதில் எங்கே ஆபத்து என்று சொல்ல, பெட்டியின் மேல் இருக்கும் 1.4 தவிர அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. அதனால் இது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை.

நான் கேட்பது இவைதான்.

புதிய சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் ஒன்று முதல் எட்டு வரையான பழைய வகுப்புகளை எடுத்துவிடுங்கள். 1.1 முதல் 1.6 வரையான பிரிவும் எது எதோடு சேரும் என்று சொல்லும் எழுத்தும் மட்டுமே பெட்டியிலும் உரிமத்திலும் ஸ்டாக் புத்தகத்திலும் இருக்கட்டும். உடனே முடியாது என்றால் முதலில் வகுப்பு 6ஐ உடையுங்கள். திரி, டி.எஃப்., கேப்பு மூன்றுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள். அம்யுனிஷன் என்ற பெயர் குவாரி சரக்குக்கு வேண்டாம்.

கேப்பின் உள்பாக்கெட்டிலும், குழாய்ச் சுருளின் மேல் இருக்கும் பட்டையிலும், பெட்டியின் எண் திறந்த கேப்புக்குப் பொருந்தாது என்று அச்சிடச் செய்யுங்கள். இழுக்காதே என்பதற்கு ஒரு படம் போதும், எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். எழுத்து, சரக்கு விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் குவாரிகளில் ஒடிசா, ஜார்கண்ட், பீகார் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள், அதனால் இந்தியும் கூடவே இருக்கட்டும்.

ஊர்ப்பெயர்களையும் சட்டப்பெயர்களையும் எதிரெதிரே வைத்து ஒரு சொற்பட்டியலை ஒவ்வொரு மாநில மொழியிலும் வெளியிட்டு, காவல் நிலையங்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் இழப்பீட்டு விசாரணை நடத்துகிறவர்களுக்கும் அனுப்புங்கள். விபத்துப் பதிவில் “ஜெலட்டின்” என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்காமல் குச்சியா, கேப்பா, டி.எஃப்.பா, திரியா என்று கேட்டு எழுதும் கட்டம் இருக்க வேண்டும். பொருளின் வகையில் சந்தேகம் இருக்கிற வரை, அதைக் காரணம் காட்டித் தொழிலாளியின் இழப்பீட்டை நிறுத்திவைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

வெடிக்காரர் சான்றுக்கான தேர்வில் இந்த வகைப்பாட்டைக் கேளுங்கள். உதவியாள்களுக்கும், அவர்களுக்குச் சான்று தேவையில்லை என்றாலும், வேலையில் சேரும் முன் அரை நாள் இதைக் கற்றுக்கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி போடுங்கள். கற்றுக்கொடுக்க வெடி வைக்கிறவர்களையே கூப்பிடுங்கள். நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

கடைசியாக, விதிகளை இறுதி செய்யும் முன் அந்த வரைவைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்ல எங்களுக்கு 60 நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்குவாரி வெடிக்காரன் ஒருவன்
மதுரை மாவட்டம்